ஆட்டின் முகம்: வெறிநாய்க்கடி ஊசியும் வலியின் கணக்கும்

நாய் கடிச்சா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி: விருத்தாசலம் பக்கம் நாற்பது தாண்டிய எவருக்கும் இது நினைவிருக்கும். பீங்கான் சூளைத் தொழிலாளியும் கரும்பு வெட்டுகிறவரும் அரசு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் காட்டி நின்றார்கள். மருந்து ஆட்டு மூளை என்பது பலருக்குத் தெரியாது.

1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் இந்த மருந்தைப் பல்லாண்டுகள் தயாரித்தது. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த முறை இது. ஆட்டின் மூளைக்குள் வெறிநோய்க் கிருமியைச் செலுத்துவார்கள். சில நாளில் வாதம் கண்டு ஆடு விழும். அப்போது கொன்று, மூளையை அரைத்து, ஃபீனாலால் கிருமியைச் சாகடித்து, ஐந்து சதவீதக் கரைசலாக்குவார்கள்.

ஆட்டை யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது; நன்றாகவே பார்த்தார்கள். சூளைக்குள் வைத்த கூம்பு வளைந்தால் சூடு பதம் என்று அறிகிறோமே, அதுபோல வாதம் வந்தால் மூளை பதம். இந்த முறைக்கு வேண்டியிருந்த அடையாளம் அது ஒன்றுதான். ஆட்டுக்கு வலித்ததா என்ற கேள்விக்கு இதில் வேலையே இல்லை.

அதே வாதம் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கும் வந்தது. மூளைக் கரைசலில் கலந்திருந்த நரம்புறைப் பொருள்தான் காரணம். மருத்துவ நூல்கள் இதை 'விபத்து' என்றன (விபத்தாம்!); எத்தனை பேருக்கு ஒருவர் என்று விகிதமும் போட்டன. வயிற்றில் ஊசி ஏறிய வலிக்கு அங்கேயும் விகிதம் கிடையாது. காசுள்ளவர் கையில் போட்டுக்கொள்ளும் திசு வளர்ப்பு ஊசி 1980களிலேயே கடையில் கிடைத்தது. இந்தியாவில் ஆட்டு மூளை ஊசி நின்றது 2004 கடைசியில்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஆய்வுச் சோதனைகளை அனுமதித்தது. தேவையற்ற வலி கூடாது என்றது. தேவையற்றது எது, வலி எவ்வளவு என்பதை அளக்கக் கருவி தரவில்லை. சோதனைகளைக் கண்காணிக்கும் இன்றைய விதிகள் 1998இல் வந்தன.

முகத்தைப் படிக்கும் அளவுகோல் 2010இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, சுண்டெலிக்கு. கண் இடுங்கல், மூக்கு, கன்னம், காது, மீசை: ஒவ்வொன்றுக்கும் பூச்சியம், ஒன்று, இரண்டு என மதிப்பெண். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஆட்டு முகத்துக்கும் ஒன்று செய்தார்கள், கால் அழுகலும் மடிவீக்கமும் கண்ட ஆடுகளைப் பார்த்து. ஆடு இரை விலங்கு, நோவை மறைக்கும் என்பது அதுவரை வசதியான பதிலாக இருந்தது. நம்மூரில் கிடை போடுகிறவரோ காது தொங்கியதையும் கண் சுருங்கியதையும் பார்த்தே 'இது நொந்துகெடக்கு' என்று பிரித்துக் கட்டுவார். அது கைப்பழக்கம் என்று ஒதுக்கப்பட்டது. எண் ஏறிய பிறகு விஞ்ஞானமானது.

இன்று அந்த எண்ணைப் பெரும்பாலும் போடுகிறவர் ஆய்வுக்கூடத்துக்காரர். சோதனை முடிய வேண்டும் என்று காத்திருக்கிறவரும் அங்கேதான் இருக்கிறார்.