மியூனிக் மாநகராட்சியின் லினக்ஸ் மாற்றம்: ஹெச்பி ஆய்வின் செலவுக் கணக்கு குறித்து ஒரு மறுப்பு

மியூனிக் மாநகராட்சி விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறியதும், பிறகு விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்ததும் பலர் எழுதியவைதான். மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் நிறுத்தி மேயர் கிறிஸ்டியான் ஊடேயைச் சந்திக்க வந்த கதையும் அதில் அடக்கம். அவற்றை இங்கே விரிக்கவில்லை. மைக்ரோசாஃப்டுக்காக ஹெச்பி நிறுவனம் தயாரித்து, 2013 ஜனவரியில் ஃபோகஸ் இதழ் வழியாக வெளியே தெரியவந்த ஆய்வு ஒன்றே இக்கட்டுரையின் பொருள். அந்த ஆய்வை ஏற்காதவர்கள்கூட எது மலிவு என்ற அதன் கேள்வியை ஏற்றுக்கொண்டதால்தான் லிமக்ஸ் என்ற இந்த லினக்ஸ் மாற்றத் திட்டத்தின் வரலாறு வெறும் வரவு செலவாகச் சுருங்கியது என்பது என் கருத்து.

லிமக்ஸுக்கு மாநகராட்சி சுமார் 6 கோடி யூரோ செலவிட்டது, விண்டோஸிலேயே இருந்திருந்தால் 1.7 கோடியில் முடிந்திருக்கும் என்பது ஹெச்பியின் முடிவு. இந்த 1.7 கோடி எதன் விலை? விண்டோஸ் எக்ஸ்பியும் ஆஃபீஸ் 2003உம் சேர்ந்த கணினியின் விலை. எக்ஸ்பி 2001இல் வெளிவந்தது. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றது. லினக்ஸ் மாற்றம் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது 2013 டிசம்பரில். ஆக, ஹெச்பி காட்டும் சிக்கனமான மியூனிக், அந்த அறிவிப்பு வந்த நான்கே மாதத்தில் அடுத்த பதிப்புக்கு உரிமம் வாங்க வேண்டியிருந்திருக்கும். ஒரு பக்கம் பத்தாண்டு நகர்ந்த அமைப்பு, மறுபக்கம் பத்தாண்டு நகராமல் நின்ற அமைப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் ஆய்வின் அடிப்படைப் பிழை; மற்றவை இதிலிருந்து கிளைத்தவை.

மாநகராட்சி 2012 நவம்பரில் வெளியிட்ட கணக்கு விண்டோஸ் 7ஐ ஒப்பீட்டுக்கு எடுத்தது. அதில் மூன்று தொகைகள் உண்டு. விண்டோஸும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸும் என்றால் சுமார் 3.4 கோடி யூரோ. விண்டோஸும் ஓப்பன் ஆஃபீஸும் என்றால் ஏறத்தாழ 3 கோடி. லிமக்ஸ் என்றால் சுமார் 2.3 கோடி. முதலாவதையும் மூன்றாவதையும் கழித்து, ஒரு கோடிக்கு மேல் மிச்சம் என்று எழுதிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு நடுவில் உள்ள தொகைதான் முக்கியமாகப் படுகிறது. அலுவலக மென்பொருளை மட்டும் மாற்றினால் மிஞ்சுவது 40 லட்சம். இயங்குதளத்தையும் சேர்த்து மாற்றும்போது மேலும் 70 லட்சம். ஆனால் நடைமுறையில் நெடுங்காலம் துன்பம் தந்தது இயங்குதளம் அன்று, ஆவணங்கள். துறைகள் தத்தம் போக்கில் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த வேர்டு வார்ப்புருக்களையும் மேக்ரோக்களையும் மாற்றியமைக்க, மாநகராட்சி வோல்மக்ஸ் என்ற தனிக் கருவியையே எழுதியது. 2008இல் அதைக் கட்டற்ற மென்பொருளாகவும் வெளியிட்டது. ஒரு நகர நிர்வாகம் வார்ப்புருக்களுக்காக மென்பொருள் எழுத இறங்குகிறது என்றால், சிக்கலின் மையம் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஊழியர் இதற்காகச் செலவிட்ட நேரத்தை இந்த மூன்று தொகைகளில் எதிலும் என்னால் பிரித்துக் காண முடியவில்லை. ஆகவே மாநகராட்சியின் கணக்கையும் நான் முழுமையானதாகக் கொள்ளவில்லை. ஹெச்பியினுடையதைவிட நேர்மையானது என்ற அளவிலேயே கொள்கிறேன்.

செலவே முதற்காரணம் என்ற எண்ணத்துக்கு 2003ஆம் ஆண்டின் ஆவணமே எதிர்ச்சான்று. மாநகராட்சிக்காக யூனிலாக் ஆலோசனை நிறுவனம் செய்த அந்த மதிப்பீட்டில் விண்டோஸ்தான் மலிவு. ஆனால் தொலைநோக்குப் பயனைக் கணக்கிட்ட புள்ளிகளில் லினக்ஸ் 10,000க்கு 6,218 பெற்றது. மைக்ரோசாஃப்ட் பெற்றது 5,293. மைக்ரோசாஃப்ட் தன் விலையை மேலும் குறைத்தும், நகரமன்றம் கூடுதல் செலவுள்ள வழியைத்தான் தெரிந்தெடுத்தது. விண்டோஸ் என்டி 4.0க்கான ஆதரவு முடியவிருந்த நேரம் அது. அடுத்த மாற்றம் எப்போது என்பதை விற்பவர் தீர்மானிக்கும் நிலையிலிருந்து விடுபட வேண்டும் என்பதே முதன்மை நோக்கம் என்று கருதுகிறேன். பணம் மிச்சம் என்ற பேச்சு பின்னாளில் ஏறியது. திட்டத்தைக் காக்க ஊடே தரப்பினரும் அதை விரும்பியே ஏந்திக்கொண்டார்கள். எதிராளி தேர்ந்த களத்தில் போய் நின்றது அவர்களுக்கு உதவவில்லை.

காலவரையறையும் எளிதன்று. தொடக்கம் 2003 மே மாதத் தீர்மானமா, விரிவான திட்டம் ஏற்கப்பட்ட 2004 ஜூனா, முதல் கணினிகள் மாறிய 2006ஆ? செலவை எந்த ஆண்டிலிருந்து கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மொத்தமும் மாறும். இறுதிக்குப் பொதுவாக 2017 பிப்ரவரித் தீர்மானத்தைச் சுட்டுவர். மேயர் டீட்டர் ரைட்டர் காலத்தில், 2020க்குள் ஒரே வகை விண்டோஸ் கணினி என்று அது முடிவு செய்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஆக்சென்சர் ஆலோசனை நிறுவனம் அளித்த அறிக்கையே, பெருங்குறை லினக்ஸில் அன்று, சிதறிக் கிடந்த தகவல் தொழில்நுட்பப் பிரிவுகளின் அமைப்பில் என்று சொன்னது. அந்தக் குறை 2003க்கு முந்தியது. மேலும், 2020 மே மாதம் பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் செய்த கூட்டணி உடன்பாட்டில், இயன்ற இடங்களில் திறமூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்ற உறுதி மறுபடி இடம்பெற்றது. 2017ஐ முடிவு ஆண்டாக எழுதத் தயங்குவதற்கு எனக்கு இந்த உடன்பாடே காரணம். அதற்கு மாற்றாக வேறோர் ஆண்டை முன்வைக்கவும் இப்போதைக்கு இயலவில்லை.