அப்போய் பிறந்த கதை

2015 டிசம்பர் 17ஆம் தேதி ‘ஜகாட்’ மலேசியத் திரையரங்குகளுக்கு வந்தது. இயக்கியவர் சஞ்சய் குமார் பெருமாள். கதையின் நடுவே நிற்பவன் அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். அந்த வேடத்தில் நடித்தவர் ஹர்விந்த் ராஜ். கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ரவாங் என்று வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அப்போய் யார் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாம் லயத்தில் இருந்தவன், வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன், கெட்டிக்காரன் என்று ஊருக்கே தெரிந்தும் ஒருநாளும் நல்ல பெயர் வாங்காதவன்.

அப்படி ஒருவனைத் தமிழ்த் திரையில் முழுப் படத்தின் நாயகனாகப் பார்க்க நாம் நெடுங்காலம் காத்திருந்தோம். அவன் பிறந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் மதராஸில் தொடங்க வேண்டும்.

திருத்த வந்த குழந்தைகள்

1937இல் இயக்குநர் கே. சுப்ரமணியம் ‘பாலயோகினி’ எடுத்தார். சாதிக் கட்டுப்பாட்டையும் விதவைகள் படும் துயரத்தையும் நேருக்கு நேர் பேசிய படம் அது. அந்தக் கேள்விகளைப் பெரியவர்கள் முன் வைத்தது ஒரு சிறுமி. நடித்தவர் இயக்குநரின் சகோதரர் மகள், பேபி சரோஜா. ஹாலிவுட்டில் ஷெர்லி டெம்பிள் புகழின் உச்சியில் இருந்த காலம். சரோஜாவை ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ என்றே பத்திரிகைகள் கொண்டாடின. பெண் குழந்தைகளுக்கு சரோஜா என்று பெயர் வைப்பது ஊர் ஊராகப் பரவியது. தமிழ் சினிமாவின் முதல் பெரிய குழந்தை நட்சத்திரம் அவர்தான்.

இரண்டு ஆண்டு கழித்து, கல்கி ஆனந்த விகடனில் எழுதிய ‘தியாகபூமி’ படமானது. அதில் சரோஜாதான் சாரு. பிரிந்து கிடக்கும் தாத்தாவையும் தாயையும் கதை அந்தக் குழந்தையைக் கொண்டுதான் ஒன்றுசேர்க்கிறது. ஆங்கில அரசு பின்னர் அந்தப் படத்தைத் தடை செய்தது.

அந்த இரண்டு படங்களும் வகுத்த பாதையில்தான் தமிழ் சினிமா வெகுதூரம் நடந்தது. 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் அநாதை இல்லத்தில் வளரும் செல்வமாகக் கமல்ஹாசன் வந்தார். அப்போது அவருக்கு வயது ஆறுகூட நிறையவில்லை. பிரிந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அந்தப் பிள்ளையால் இணைந்தார்கள். 1965இல் ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில் குட்டி பத்மினி இரட்டை வேடம் போட்டு ஜெய்சங்கரையும் ஜமுனாவையும் சேர்த்துவைத்தார். 1968இல் வந்த ‘குழந்தைக்காக’ படத்தில் குற்றவாளிகளின் கையில் சிக்கிய குழந்தை அவர்களையே மனிதர்களாக்கியது. அதில் நடித்த பேபி ராணிக்குத்தான் இந்தியாவின் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது முதன்முதலில் கிடைத்தது.

இவை மறக்கக்கூடிய நடிப்புகள் அல்ல. கமலின் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துக் கலங்காத வீடு இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் கதையில் ஒரே வேலைதான்: பெரியவர்களைத் திருத்துவது. பிரிந்தவர்களைச் சேர்ப்பார்கள், கல் மனத்தைக் கரைப்பார்கள். அந்த வேலை முடிந்ததும் படமும் முடிந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கதை கேட்டதே இல்லை.

திடலில் உட்கார்ந்திருந்தவர்கள்

அந்தப் படங்கள் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. பட்டணத்துக்காரர்கள் கொட்டகையில் பார்த்தார்கள். தோட்டத்து மக்கள் பெரும்பாலும் திடலில் பார்த்தார்கள். இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டி, பொழுது சாய்ந்ததும் படம் ஓட்டுவார்கள். பாயோ சாக்கோ கொண்டுபோய் விரித்து உட்கார வேண்டியதுதான். முன்வரிசை முழுக்கப் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குக் கோலசிலாங்கூர் வட்டாரமே நல்ல சாட்சி. இந்த நாட்டின் தோட்ட வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே ரப்பர் தோட்டம் போட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டதும் அவரே. தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டம் உலக இலக்கியத்துக்குப் போய்விட்டது. தோட்டத்துப் பிள்ளை மட்டும் துணித் திரைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தான்.

விடியுமுன் அப்பாவும் அம்மாவும் பெரட்டுக்குப் போவார்கள். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விடுவார்கள். பள்ளி முடிந்து வந்த பிள்ளை ஒட்டுப்பால் எடுக்கவும், செம்பனைத் தோட்டமானால் உதிர்ந்த பழம் பொறுக்கவும் பெற்றோருக்குத் துணை போகும். பள்ளிக்கூடமும் தானாக வந்துவிடவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேராவது உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்ன பிறகே தோட்டப் பள்ளிகள் பரவின. அவற்றில் பல, பெயருக்கு நடந்தவை. 1941இல் கிள்ளானில் தொடங்கி சிலாங்கூரெங்கும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடும் கள்ளுக்கடை மூடலோடும் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. தன் பிள்ளையைப் பற்றி இந்தச் சமூகம் எவ்வளவு கவலைப்பட்டது என்பதற்கு அந்தக் கோரிக்கைப் பட்டியலே போதும்.

திடலில் படம் பார்த்த பிள்ளைகள் மறுநாள் லயத்து வாசலில் அதை நடித்துக் காட்டினார்கள். திருவிழா மேடையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் மதராஸ் வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். நடிப்புத் திறமைக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. சொந்தப் பேச்சில், சொந்த வாழ்க்கையை நடிக்கத்தான் வாய்ப்பு இல்லை.

தெருவில் கிடைத்த முகங்கள்

வேறு நாடுகளில் இதற்கு வழி பிறந்திருந்தது. 1948இல் இத்தாலியில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ எடுத்த வித்தோரியோ டி சிகா, படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் நின்ற என்ஸோ ஸ்தயோலாவைப் பார்த்து, புரூனோ வேடத்தைக் கொடுத்தார். வேலைக்கு வேண்டிய சைக்கிளைப் பறிகொடுத்த தகப்பனின் பின்னால் ரோம் நகரமெங்கும் ஓடும் பையன் அவன். தகப்பன் அவமானப்படுவதைக் கண்ணால் பார்க்கிறான். அவனால் எதையும் திருத்த முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கூட நடக்க மட்டும்தான் முடிகிறது.

1955இல் வந்த ‘பதேர் பாஞ்சாலி’யின் அப்புவுக்காகச் சத்யஜித் ராய் விளம்பரம் கொடுத்துத் தேடினார். கடைசியில் அவருடைய மனைவியின் கண்ணில் பட்டவன் பக்கத்து வீட்டுச் சிறுவன் சுபீர் பானர்ஜி. அப்புவும் யாரையும் சேர்த்துவைக்கவில்லை. அவன் பார்க்கிறான், கேட்கிறான், இழக்கிறான். நமக்கு அது போதுமாக இருந்தது.

தமிழில் மாற்றம் மெல்ல வந்தது. 1990இல் ‘அஞ்சலி’யில் பேபி ஷாமிலி, 2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் பெற்ற தாயைத் தேடிப் போகும் அமுதாவாகக் கீர்த்தனா, 2009இல் ‘பசங்க’ படத்துப் பையன்கள் என்று குழந்தைகள் தங்கள் கேள்வியோடும் கோபத்தோடும் வரத் தொடங்கினார்கள். 2015 ஜூனில் மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ திரைக்கு வந்தது. அதில் நடித்த ரமேஷும் விக்னேஷும் சென்னையின் எளிய குடியிருப்பிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இருவருக்கும் தேசிய விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இங்கே அப்போய் வந்தான். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், தங்கள் தெருவின் பேச்சையே பேசும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரே ஆண்டில் திரையேறினார்கள்.

தோட்டம் கலைந்த பிறகு

அப்போய் தோட்டத்தில் வாழ்பவன் அல்லன். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பிள்ளை. கதை நடக்கும் 1990களின் தொடக்கம், மலேசியத் தமிழர் வாழ்க்கை தலைகீழாகப் புரண்ட காலம்.

தினமும் விடியற்காலையில் சீவ வேண்டிய ரப்பருக்குத் தேவைப்பட்ட அளவு ஆட்கள் செம்பனைக்குத் தேவைப்படவில்லை. பட்டணம் விரிய விரிய, தோட்ட நிலம் வீடமைப்புத் திட்டங்களுக்கு விலைபோனது. வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் லயம் நிர்வாகத்துக்குச் சொந்தம். கோலசிலாங்கூர் பக்கத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. எத்தனையோ குடும்பங்கள் பட்டண ஓரத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தன. தோட்டத்தில் இருந்த கோயில், திடல், ஆயாக்கொட்டகை, அண்டை அயலார் கண் எதுவும் அங்கே கூட வரவில்லை.

இந்த வாழ்க்கை திரைக்கு வரத் தொடங்கியது 2005இல் என்று சொல்லலாம். தீபக் குமரன் மேனன் ‘செம்மண் சாலை’யில் 1960களின் தோட்டத்தையும், படிக்கத் துடிக்கும் ஒரு பெண்ணையும் காட்டினார். 2007இல் அவருடைய ‘சலங்கை’ பிரிக்பீல்ட்ஸில் நாட்டியக் கனவோடு வளரும் சிறுமி உமாவைக் காட்டியது. இந்த இரண்டு படங்களும் திறந்த வழியில்தான் அப்போய் நடந்து வந்தான்.

அப்போயின் அப்பா மணியம், மகன் படித்து முன்னேறிவிட வேண்டும் என்று துடிப்பவர். அவருக்குத் தெரிந்த வழி கண்டிப்பும் அடியும். ஒரு சித்தப்பா போதைப் பழக்கத்தில் வாழ்க்கையைத் தொலைத்து மீண்டு வந்த பாலா. இன்னொருவர் குண்டர் கும்பலில் இருக்கும் மெக்சிகோ. பையனிடம் குறும்பும் கற்பனையும் நிறைய உண்டு. பள்ளி அதைத் தப்பு என்கிறது, அப்பா அதை அடங்காமை என்கிறார். அவனை நிமிர்த்திப் பேசும் குரல் கும்பலின் பக்கத்திலிருந்துதான் வருகிறது. மலாயில் கெட்டவன் என்று பொருள்படும் சொல்லை நம் மக்கள் உச்சரிக்கும் விதமே படத்தின் பெயர்.

1937இலிருந்து குழந்தைகள் பெரியவர்களைத் திருத்திக்கொண்டே வந்தார்கள் என்றேன். ‘ஜகாட்’ அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. இங்கே குழந்தையால் யாரும் திருந்தவில்லை. பெரியவர்களும் காலமும் சேர்ந்து ஒரு குழந்தையை என்ன செய்கிறார்கள் என்பதுதான் கதை. ஹர்விந்த் ராஜின் நடிப்பு நம் மனத்தில் தங்குவதற்கு இதுவே காரணம். அவர் நம்மை அழவைக்க முயலவில்லை. நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ளவும் முயலவில்லை. துள்ளல் இருந்த முகத்தில் பிடிவாதம் ஏறுவதையும், அது மெல்ல இறுகிப்போவதையும் படம் நெடுகப் பார்க்கிறோம். வயதில் மூத்த நடிகர்களுக்கே கடினமான வேலை அது. வசனமோ நம் வீட்டுத் தமிழ். மலாயும் ஆங்கிலமும் கலந்து, நாம் பேசுகிற வேகத்திலேயே பேசுகிறது. கமலின் செல்வத்தைப் பார்த்தபோது அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளத் தோன்றியது. அப்போயைப் பார்க்கும்போது, நாம் கைவிட்ட பையன்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன.

விருது மேடையும் அதன் பிறகும்

2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் ‘ஜகாட்’ முதலில் தேசிய மொழி அல்லாத படங்களுக்கான தனிப் பிரிவில் வைக்கப்பட்டது. ‘ஓலா போலா’வுக்கும் அதே நிலை. ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் எதிர்ப்புத் தெரிவித்தார். நடிகரும் இயக்குநருமான அஃப்ட்லின் ஷவ்கி விழாவைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். குரல் கொடுத்த அந்த இருவரும் மலாய்க்காரர்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஏற்பாட்டாளர்கள் விதியை மாற்றி, சிறந்த மலேசியப் படத்துக்கான விருதை எல்லா மொழிக்கும் திறந்துவிட்டார்கள். அந்த விருதை வென்றது ‘ஜகாட்’. புறம்போக்கு வீட்டுத் தமிழ்ப் பையனின் கதை இந்த நாட்டின் கதையாக ஏற்கப்பட்டது.

இனி வரப்போகும் பிள்ளைகளுக்கு நாம் சில கடமைகளைச் செய்தாக வேண்டும். முதல் கடமை பாதுகாப்பு. சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ (1921) படத்தில் உலகைக் கவர்ந்த ஜாக்கி கூகன், வளர்ந்து பார்த்தபோது தான் சம்பாதித்த பணம் பெரும்பாலும் தீர்ந்திருந்தது. அவர் போட்ட வழக்குக்குப் பிறகே 1939இல் கலிஃபோர்னியா குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கச் சட்டம் இயற்றியது. மலேசியாவிலும் 1966ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர் வேலைச் சட்டம், கேளிக்கைத் துறையில் பிள்ளைகளை ஈடுபடுத்த உரிமம் வேண்டும் என்கிறது. குறும்படமானாலும் தொலைக்காட்சித் தொடரானாலும் அந்த விதியை மதிக்க வேண்டும். பிள்ளையின் பெயரில் கணக்குத் திறந்து ஊதியத்தை அதில் போட வேண்டும். படிப்பு கெடாமல் படப்பிடிப்பு நாள்களை வகுக்க வேண்டும்.

இரண்டாவது கடமை தேடல். தோட்டம் போய்விட்ட பிறகும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் வட சிலாங்கூரில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் ஆண்டு விழா மேடையில், சினிமா வசனத்தை ஒப்பிப்பதற்குப் பதிலாகத் தன் வீட்டில் நடந்ததைத் தன் பேச்சிலேயே நடித்துக் காட்டு என்று ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் சொன்னால் போதும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியை விட்ட தோட்டத்துச் சிறுமியின் கதை அப்போயின் கதையைப் போல இன்னும் முழுப் படமாகச் சொல்லப்பட வேண்டும். அவளாக நடிக்கக்கூடிய பிள்ளை பெஸ்தாரி ஜெயாவிலோ ஜெரத்திலோ இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கலாம். இளம் இயக்குநர்கள் நடிகர் தேர்வைக் கோலாலம்பூரிலேயே முடித்துவிடாமல், ஒருநாள் அந்தப் பள்ளிகளுக்கும் போய்ப் பார்க்க வேண்டும்.