புற்றுமண்ணும் வினிகரும்



நம்மூர்க் கோயில் புற்றுமண்ணைத் தோல் நோய்க்குப் பூசுவது பழைய வழக்கம். பெண்ணுறுப்பில் வரும் மருவை மட்டும் நம் பெண்கள் வெளியே சொன்னதில்லை. தோல் நிறத்தில், காலிபிளவர் போலச் சிறு முடிச்சுகள். பெரும்பாலும் வலிக்காது, சிலருக்கு அரிக்கும்.

காரணம் எச்.பி.வி. வைரஸ். மரு தருபவை பெரும்பாலும் 6, 11ஆம் வகைகள், அவை புற்றுநோயாவதில்லை. கருப்பைவாய்ப் புற்றில் 16ஆம் வகையை 1983இல் கண்டறிந்து சொன்ன ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

2000இல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செவிலியர்கள், வினிகரில் உள்ள அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைப் பார்த்தார்கள். வெளுத்த இடமே எச்சரிக்கை. அந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் ஆய்வு வெளியானது.

வைரஸ் பல மாதம், பல வருடம்கூட மறைந்திருக்கும், யாரையும் பழிக்காதீர்கள். மருவோ இல்லையோ, முப்பது கடந்தவர்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கூச்சம் வேண்டாம் தாயி.