ஈழத்துக் கிராமமும் மருத்துவிச்சியும்

திருச்சிராப்பள்ளிக் குன்றில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்னுந் திருநாமம் வந்த வரலாற்றைச் சைவ உலகம் நன்கு அறியும். நிறைமாதக் கர்ப்பிணியான மகளுக்குத் துணைசெய்யப் புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் பெருகியமையால் அக்கரையில் தடைப்பட்டு நின்றாள். இக்கரையில் மகளுக்கு நோக் கண்டது. அவ்வேளை இறைவனே தாயின் வடிவந் தாங்கி வந்து மருத்துவம் பார்த்தான் என்பது தலபுராணச் செய்தி. இறைவனின் பேரருளை விளக்கும் இக்கதையுள் ஓர் உலகியல் உண்மையும் பொதிந்து கிடக்கின்றது. பேறுகாலத்திற் பெண்ணுக்கு வேண்டுவது தக்க துணை. அத்துணையை வரவொட்டாது தடுப்பது தூரம் என்பதே அவ்வுண்மை.

மட்டக்களப்புத் தென்பகுதி மக்களுக்கு இக்கதையின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கல்முனைக்கு அணித்தாக, வயல்வெளியை நோக்கி அமைந்த நற்பிட்டிமுனையிலே தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்ந்து வருகின்றனர். அப்பக்கத்திலிருந்து மேற்கே நாவிதன்வெளி ஊர்களுக்குச் செல்லும் வழியிற் கிட்டங்கித் தாம்போதி குறுக்கிடும். மாரி வெள்ளம் அதன்மேற் பாயும் நாட்களில் அக்கரை வேறு, இக்கரை வேறாகிவிடும். நோக்கண்ட பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதினும் தேர்ச்சிபெற்ற ஒருத்தி அவள் வாசலிலேயே இருப்பது மேல் என்னும் நியாயம் இத்தகைய ஊர்களிலேயே தெளிவாய் விளங்கும். அந்நியாயம் இலங்கையில் எவ்வாறு நடைமுறைக்கு வந்தது என்பதை ஆராய்வது பயனுடைத்து.

பண்டு தொட்டு ஊர்தோறும் மருத்துவிச்சியர் இருந்தனர். கீழ்க்கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் போற்றுபவர்கள். வீடு பெண்ணுக்குச் சீதனமாகும். மணமகனே பெண் வீட்டிற்கு வந்து வாழ்வான். ஆகவே, இப்பகுதிப் பெண் தன் தாயும் தமக்கையரும் சூழத் தன் வளவிலேயே பிள்ளை பெற்றாள். தமிழர் முப்பத்தொரு நாளும் முஸ்லிம்கள் நாற்பது நாளும் தாயையும் சேயையும் வீட்டில் வைத்துப் பேணினர். அழைத்த நேரத்தில் வந்தும், அஞ்சினவளைத் தேற்றியும், தாய்க்குப் பத்தியம் உரைத்தும் நின்ற மருத்துவிச்சியின் தொண்டு எளிதில் இகழத்தக்கதன்று. ஆயினும் தூய்மையற்ற கருவியாற் கொப்பூழ்க்கொடியை அறுத்தமையால் ஏற்பிவலி கண்டு மாண்ட சிசுக்கள் பல. பேறு வழக்கிற்கு மாறாகும்போது, குருதி நில்லாது பெருகும்போது, செய்வது இன்னதென அறியாது கைபிசைந்து நின்ற வேளைகளும் பல. அவளிடம் அன்பு இருந்தது, அனுபவம் இருந்தது, இல்லாதது பயிற்சி ஒன்றே.

அப்பயிற்சியைத் தமிழிலேயே அளிக்க முதன்முதல் முயன்றவர்களுள் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர் முதன்மையானவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மாணாக்கருக்குத் தமிழ்மொழியில் மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். மான்செல் என்பாரது பிரசவ வைத்திய நூல் அவர் முயற்சியால் 1857இலேயே தமிழில் வெளிவந்தது. ஆயினும் அவரிடம் கற்றவர்கள் ஆடவரே. பெண்கள் ஆடவரை அந்தரங்க நோய்களுக்கு அழைக்க நாணினர். இக்குறையை நீக்கும் நோக்குடன் 1898இல் இணுவிலிற் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. கொழும்பிலோ 1879ஆம் ஆண்டிலேயே சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்னும் செல்வரின் கொடையால் ஒரு மகப்பேற்று மனை திறக்கப்பட்டது; மருத்துவிச்சியருக்குப் பயிற்சியளிக்கும் களமாகவும் அது விளங்கிற்று. இவையெல்லாம் போற்றத்தக்கனவே, எனினும் இவற்றின் பயன் நகரையும் அதன் அயலையும் கடந்து பெரிதும் செல்லவில்லை.

கிராமத்தின் கதவு திறந்த ஆண்டு 1926 எனலாம். அவ்வாண்டு றொக்பெலர் நிதியத்தின் துணையோடு களுத்துறையில் இலங்கையின் முதற் சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதினும் வருமுன் காப்பதே அதன் நோக்கம். சுகாதார வைத்திய அதிகாரி ஒருவரின் கீழ், குறித்த சில ஊர்களுக்கு ஒரு மருத்துவிச்சி என்னும் ஒழுங்கு அங்கே உருவாகிற்று. ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கு ஒருத்தி என்பதே பின்னர் அளவாகக் கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டில் நிறைவேறிய வைத்தியக் கட்டளைச் சட்டம் மருத்துவிச்சியரைப் பதிவு செய்யவும் வழிவகுத்தது. இங்கிலாந்திலேயே இத்தகைய சட்டம் 1902இலேதான் தோன்றியது என்பதை நோக்குமிடத்து, இலங்கை நெடுந்தூரம் பின்தங்கவில்லை எனலாம். 1931இல் ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தமையும் இவ்வியக்கத்திற்கு உரமூட்டிற்று. கிராமத்துத் தாயும் வாக்காளராகிவிட்டமையின் அவள் குறையை அரசு செவிமடுக்க வேண்டியதாயிற்று.

இதன் பயனை எண்கள் எடுத்துரைக்கும். 1930களில் ஓர் இலட்சம் பேறுகளுக்கு இரண்டாயிரம் தாய்மார் அளவில் இறந்தனர்; அஃதாவது ஐம்பது பேறுகளுக்கு ஓர் உயிர். 1934, 1935ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் கர்ப்பிணிகளைப் பெரிதும் வாட்டியது. 1950 அளவில் அத்தொகை ஏறத்தாழ நான்கிலொன்றாகக் குறைந்தது. 21ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் அது நாற்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. இப்பெருமை முழுவதும் மருத்துவிச்சிக்கே உரியது என்று கூறுதல் மிகையாகும். 1940களிற் டி.டி.ற்றீ. தெளித்து மலேரியாவை அடக்கியமையும், புதிய மருந்துகளும், குருதியேற்றமும், கட்டணமில்லா வைத்தியசாலைகளும் தத்தம் பங்கைச் செய்தன. ஆனால், அச்சாதனங்கள் யாவும் வைத்தியசாலையில் இருந்தன. கர்ப்பிணியோ குடிசையில் இருந்தாள். இரண்டையும் இணைத்த பாலம் மருத்துவிச்சியே.

அவள் கையிலிருந்த பதிவேடு அவள் கைப்பைக்குச் சற்றும் குறைந்ததன்று. எந்த வீட்டிற் புதுமணப்பெண் வந்தாள், எவள் கருவுற்றாள், எவளுக்கு முன்னைப் பேறு இடர்ப்பட்டது என்பன அதில் எழுதப்பட்டன. இடர் நேரக்கூடியவளை முன்கூட்டியே இனங்கண்டு அனுப்பும் அறிவே பழைய மருத்துவிச்சிக்கும் புதியவளுக்கும் இடையே நின்ற வேறுபாடு. மக்கட்பேற்றிற்கு இடைவெளி விடும் அறிவுரையும் அவள் வாயிலாகவே குடிசைகளை எட்டியது. கனடாவிற் பிறந்து தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டிற் பணிபுரிந்த மேரி இரட்ணம் வைத்தியர் இத்துறையில் முன்னோடி. 1953இற் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. 1965இல் அரசே அதனைத் தன் கொள்கையாக ஏற்றது. நாணத்தினாற் பிறரிடம் பேசவியலாத இவ்விடயத்தை ஒரு பெண் மற்றொரு பெண்ணிடம், அவள் வீட்டுத் திண்ணையிலே, அவள் மொழியிலே பேசினாள் என்பதே வெற்றியின் இரகசியம்.

இங்கேதான் சிந்திக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. மருத்துவிச்சியாகப் பயில்வதற்குப் பள்ளிக்கல்வி வேண்டும். பெண்பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாத ஊரிலிருந்து மருத்துவிச்சி தோன்ற இயலாது. 1945இல் வந்த இலவசக் கல்வி இக்கதவைத் திறந்ததெனினும், கீழ்க்கரைக் கிராமங்களில், சிறப்பாக முஸ்லிம் ஊர்களில், பருவமடைந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் மெல்லவே வேரூன்றிற்று. ஆகவே வெளியூர்ப் பெண்ணை எதிர்பார்த்திருக்க நேர்ந்தது. வந்தவள் மாற்றம் பெற்றுச் சென்றதும் இடம் வெறிதாயிற்று. 1970களின் தொடக்கத்திற் கல்முனையில் மஹ்மூத் மகளிர் கல்லூரி தோன்றியமை போன்ற முயற்சிகளைக் கல்வி வரலாறாக மட்டும் எண்ணுதல் பொருந்தாது. அவை தாய்மாரின் உயிர் காத்த வரலாற்றிலும் இடம்பெற வேண்டியன. பின்னர் நேர்ந்த நெடும்போரின்போது வடக்கிலும் கிழக்கிலும் மருத்துவிச்சியர் பற்றாக்குறை தலைவிரித்தாடியபோது, அயலூரார் வர அஞ்சிய இடங்களில் ஊரிலேயே பிறந்து பயின்றவளின் அருமை தெற்றென விளங்கிற்று.

இன்று இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன. நற்பிட்டிமுனைப் பெண்ணுக்குக் கல்முனையிலேயே இரு ஆதார வைத்தியசாலைகள் உண்டு. ஆகவே மருத்துவிச்சியின் காலம் கழிந்துவிட்டது என்பர் சிலர். அது பொருந்தாக் கூற்று. ஒன்றரையாண்டு பயின்று வரும் அவள் இன்று வீட்டிற் பிரசவம் பார்ப்பது அரிது எனினும், கர்ப்பிணியைப் பதிவதும், கிளினிக்குக்கு அழைப்பதும், பேற்றின்பின் வீடு தேடிச்சென்று தாயையும் சேயையும் காண்பதும் அவள் கடமையே. வைத்தியசாலை வருபவளைக் காக்கும். வராதவளைத் தேடிச்செல்வது அவள் ஒருத்தியே.

காவிரியின் வெள்ளம் வடியும்வரை அத்தாய் காத்திருந்தாள். கிட்டங்கியில் வெள்ளம் பாயும் நாட்களில் இன்னொரு தாய் அவ்வாறு காத்திருக்கும் நிலை வாராதிருத்தல் வேண்டும். அதற்கு வழி, ஒவ்வோர் ஊரும் தன் பெண்மக்களுட் சிலரை இப்பணிக்கெனப் பயிற்றித் தருதலேயாம். தாயுமானவளாய் நிற்கும் இத்தொண்டினை உத்தியோகங்களுட் கடைப்பட்டதாக எண்ணாது, பள்ளிக்கூடங்களில் மாணவியர்க்கு மதிப்புடன் எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன்.