கொழுந்து எடுத்தவர் பெயர்

கேமரன் மலைத் தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்கும், கொழுந்து எடுத்தவர் பெயர் இருக்காது. அது நமக்குப் பழகிப்போச்சு. அதே காரியம் ஒரு பாட்டுக்கு நடந்தபோது மட்டும் ஏன் அவ்வளவு கோபம் வந்தது? 'எஞ்சாய் எஞ்சாமி'யின் வரலாற்றை அந்தக் கேள்வியோடுதான் திரும்பிப் பார்க்கிறேன்.

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இங்கே போ தோட்டத்தைத் தொடங்கியபோது துணைக்குச் சேர்த்துக்கொண்ட ஏ.பி. மில்ன், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகியவர். காட்டை அழித்துக் கன்று நட்ட உழைப்பில் தமிழர் கை உண்டு. கங்காணி, லயம், பெரட்டு என்று மலையகத் தமிழர் சொன்னால் நம் தோட்டத்து ஆட்களுக்கு அகராதி தேவையில்லை. அதனால்தான் இலங்கைத் தோட்டத்துக் கதை ஒன்று பாட்டாக வந்தபோது இங்கேயும் அது சொந்தக் கதையாகக் கேட்டது.

அந்தப் பாட்டுக்கு முன்கதை ஒன்று இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து பெயர். கானாவும் பறையும் ராக் கித்தாரும் ராப்பும் ஒரே மேடையில். இடஒதுக்கீட்டைப் பற்றிய 'கோட்டா' பாட்டு அவர்களின் தொடக்ககாலப் பாடல்களில் ஒன்று. சினிமாவில் இடம் கிடைக்காத அரசியலை இப்படி நேராகப் பாடலாம் என்ற துணிச்சல் அந்த மேடையில் வந்தது.

அந்தக் குழுவில் இருந்தவர் அறிவு. 2021 மார்ச்சில் தீ, அறிவு இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், 'மாஜ்ஜா' வழியாக 'எஞ்சாய் எஞ்சாமி' தனிப்பாடலாக வந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். பேரன் தன்னை அந்தப் பாட்டியின் பெயரால் பாட்டுக்குள்ளேயே அறிமுகப்படுத்திக்கொண்டார். பெட்டியில் அச்சேறாத பெயர் பாட்டில் ஏறியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அறிவு இல்லாமலே பாட்டு மேடையேறியது. தானே இசையமைத்து எழுதிப் பாடியதாக அறிவு சொன்னார். அது மூவரின் கூட்டுப் படைப்பு என்றார் சந்தோஷ். 2024இல், அந்தப் பாட்டிலிருந்து மூவருக்கும் ஒரு காசுகூட வரவில்லை என்றும் அவரே சொன்னார்.

இசை யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் பெயரை எழுதும் அதிகாரம் உழைத்தவர் கையில் இல்லாதது தோட்டத்துக்குப் பழைய விஷயம். பாட்டி பெயரைச் சொல்லத்தான் பேரன் பாடினான்; அட்டையில் அவன் பெயருக்கே இடமில்லாமல் போனது. அந்தக் கோபத்துக்குக் காரணம் அதுதான்.

நாமும் யோக்கியம் இல்லை. தோட்டத்துப் பாட்டிகள் கட்டிய பாட்டையெல்லாம் 'நாட்டார் பாடல்' என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிடுகிறோம். ஒவ்வொன்றையும் யாரோ ஒருத்திதான் முதலில் பாடியிருப்பாள். இன்று கேமரன் மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசிகள், நேப்பாளிகள். பழைய பாட்டு தெரிந்த தமிழ்ப் பாட்டிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். போனில் பதிவு செய்கிறவர்கள் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். "ஒங்க பேரு என்ன பாட்டி?" என்று கேட்டு, அதையும் எழுதி வையுங்கள்.