பொதுப் பையும் காப்பீட்டு அட்டையும்



பணி ஓய்வு பெற்றவர்கள் நம் பங்குகளில் பெருகி வருகிறார்கள். ஆலையில் உழைத்தவர்கள், பள்ளியில் கற்பித்தவர்கள், கடையில் கணக்கு எழுதியவர்கள், உபதேசியாராகக் கிராமம் கிராமமாக நடந்தவர்கள் எனப் பலர். சம்பளம் நின்றதும் ஒரு கேள்வி அவர்கள் வாசலில் வந்து நிற்கிறது: இனி மருத்துவச் செலவுக்கு என்ன வழி?

காப்பீட்டு நிறுவனம் கேட்கும் பிரீமியம் வயதோடு சேர்ந்து ஏறுகிறது. "நோய் வராவிட்டால் கட்டிய பணம் போனதுதானே! அதை நம் அன்பியத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பொதுவில் வைத்தால், யாருக்கு நோய் வந்தாலும் எடுத்துக் கொடுக்கலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல மனதிலிருந்து வரும் கேள்வி இது. ஆனால் இதை நம்பி ஒருவர் தம் பாலிசியைக் கைவிட்டு, பிறகு பொதுப் பணமும் போதாமல் போனால், அந்தச் சுமை முதுமையில் அவர் தலையில்தான் விழும். ஆகவே, இந்தக் கேள்விக்கு வரலாறு தரும் பதிலை இன்று சிந்திப்போம்.

பொதுப் பை நமக்குப் புதிதல்ல. எருசலேமின் முதல் கிறிஸ்தவர்கள் நிலத்தையும் வீட்டையும் விற்று, பணத்தைத் திருத்தூதர்களின் காலடியில் வைத்தார்கள் என்றும், அவரவர் தேவைக்கேற்ப அது பகிர்ந்து கொடுக்கப்பட்டது என்றும் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. இந்தப் பகுதியை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். அதே நூலின் ஆறாம் அதிகாரத்தைக் கொஞ்சம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். அங்கே ஒரு முறைப்பாடு எழுகிறது. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப் போனார்கள். பங்கிட்டவர்கள் தூய ஆவியைப் பெற்றவர்கள்தாம். ஆனால் கூட்டம் பெருகியபோது, கேட்க ஆளில்லாத முதிய பெண்கள்தாம் முதலில் மறக்கப்பட்டார்கள்.

திருத்தூதர்கள் அந்தப் பெண்களைப் பொறுமையாக இருக்கச் சொல்லவில்லை. நற்சான்று பெற்ற எழுவரைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பணியை அவர்களிடம் முறையாக ஒப்படைத்தார்கள். பின்னர் தூய பவுல் எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டியபோது, அந்தப் பெருந்தொகையைக் கையாள்வதில் எவரும் குறை சொல்ல இடம் தராதபடி, சபைகள் நியமித்தவர்களைத் தம்மோடு அழைத்துச் சென்றார். அன்பு இருந்த இடத்திலும் கணக்கு தேவைப்பட்டது என்பதே திருஅவை கற்ற முதல் பாடம்.

கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், கி.பி. 197-ஐ ஒட்டி எழுதிய நூலில், கிறிஸ்தவர்கள் மாதம் ஒருமுறை தம்மால் இயன்றதைப் பொதுப் பெட்டியில் போடுவதாகவும், அதில் கட்டாயம் இல்லை என்றும் குறிப்பிடுகிறார். ஏழைகளுக்கு உணவு, அவர்களின் அடக்கம், அநாதைப் பிள்ளைகள், வீட்டோடு முடங்கிய முதியவர்கள் எனப் பல தேவைகளுக்கு அந்தப் பணம் போயிற்று. ஒரு குடும்பத்தால் தாங்கக்கூடிய சிறிய, அன்றாடத் தேவைகளை நிறைவேற்ற அந்தப் பெட்டி பெரிதும் உதவியது.

நம் தமிழகத்துக்கு வருவோம். 1849-ஆம் ஆண்டிலேயே, ஆங்கிலிக்கன் சகோதரர்களிடையே, திருநெல்வேலியில் ஒரு விதவைகள் நிதி தொடங்கப்பட்டது. இந்தியக் காப்பீட்டு வரலாற்றை எழுதுகிறவர்கள், நாட்டின் மிகப் பழைய நிதிகளில் ஒன்றாக அதைக் குறிப்பிடுகிறார்கள். ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956-ல் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, கணவனை இழந்த பெண் கையேந்தி நிற்கக் கூடாது என்று எண்ணிய ஒரு திருச்சபை தமிழ் மண்ணில் நிதி வைத்திருந்தது.

நம் கத்தோலிக்கத் திருஅவையிலும் இத்தகைய முயற்சி உண்டு. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த மைக்கேல் மெக்கிவ்னி, 1882-ல் 'கொலம்பஸ் வீரர்கள்' என்ற சபையைத் தொடங்கினார். உழைக்கும் தந்தை இறந்துவிட்டால் குடும்பம் சிதறிப்போவதை அவர் கண்டிருந்தார். தொடக்கத்தில் ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் பங்கிட்டுச் செலுத்தினார்கள். உறுப்பினர்களுக்கு வயது ஏற ஏற, இது நெடுநாள் தாங்காது என்பது புரிந்தது. பின்னர் வயதைக் கணக்கிட்டு, இருப்பு நிதி வைத்து, அதை முறையான காப்பீடாக மாற்றிக்கொண்டார்கள். 2020-ல் அருளாளராக உயர்த்தப்பட்ட அந்த அருள்பணியாளரின் சபை இன்றும் காப்பீட்டை நடத்துகிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவும், 1891-ல் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், நோய், விபத்து, மரணம் ஆகிய வேளைகளில் தொழிலாளர் குடும்பங்களைத் தாங்கும் உதவிச் சங்கங்களைப் பாராட்டுகிறார். காப்பீடு என்பது நம்பிக்கைக் குறைவின் அடையாளம் என்று திருஅவை ஒருநாளும் சொன்னதில்லை.

இனி நம் மதுரைச் சீமையைப் பார்ப்போம். மொய் நோட்டை அறியாதவர் இங்கே யார்? காதுகுத்து, கல்யாணம் என்றால் எழுதிய மொய் ஒருநாள் திரும்பி வரும். பல குடும்பங்களை நிமிர்த்திய ஏற்பாடு அது. ஆனால் மொய் ஏன் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விசேஷம் எப்போது என்பது முன்கூட்டியே தெரியும். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அது வரும். செலவும் ஓர் அளவுக்குள் நிற்கும். நோய் அப்படியல்ல. நாள் சொல்லி வராது. ஒரு வீட்டுக்குப் பத்து முறை வரும், மறு வீட்டுக்கு வரவே வராது. செலவுக்கு எல்லையும் இல்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 200 குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சேரும். தனியார் மருத்துவமனையில் நடக்கும் ஒரே ஓர் இதய அறுவைச் சிகிச்சை அதை முழுவதும் விழுங்கிவிடலாம். இரண்டாவது நோயாளிக்கு என்ன சொல்வோம்? பணம் போட்ட 200 குடும்பங்களும் ஓய்வு பெற்றவர்கள் என்றால் நிலைமை இன்னும் கடினம். இளையோரும் முதியோரும், நலமுள்ளோரும் நோயாளரும் கலந்திருக்கும் பெருங்கூட்டம்தான் பெரிய செலவைத் தாங்கும்.

பொதுப் பையைச் சரியாக நடத்தியவர்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் மகளிர் குழுக்களை நீங்கள் அறிவீர்கள். அழகர்கோவில் பக்கத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளைக்கு 2001-ல் விருது வழங்கியபோது, அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியது நினைவிருக்கும். அந்தக் களஞ்சியங்களில் ஒன்றான கடமலை வட்டாரச் சங்கம், தேனி மாவட்டத்தின் மயிலாடும்பாறைப் பகுதியில், உறுப்பினர்களே சந்தா போட்டு நடத்தும் மருத்துவ உதவித் திட்டத்தை உருவாக்கியது. சென்னை அடையாற்றில் 1958-ல் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி நிறுவிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மருத்துவமனை, வருமானத்துக்கு ஏற்பச் சந்தா வாங்கும் மருத்துவ உதவித் திட்டத்தைத் தொடங்கியது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு நீலகிரி மாவட்டத்தின் கூடலூர். அங்கே ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தினர் 1992 முதல் ஊர் ஊராகச் சந்தா திரட்டினார்கள். அந்தப் பணத்தை மட்டும் நம்பி அவர்கள் இருக்கவில்லை. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, மருத்துவமனைச் செலவின் பாரத்தை அதன் தோளில் வைத்தார்கள். மக்களைச் சேர்ப்பது, நோயாளியை அழைத்துவருவது, அவர் பக்கத்தில் நிற்பது ஆகியவற்றைச் சங்கம் செய்தது.

கடல் கடந்து ஓர் எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்தவர்கள் மாதந்தோறும் பணம் அனுப்பி ஒருவர் மருத்துவச் செலவை ஒருவர் பகிர்ந்துகொள்ளும் அமைப்புகள் 1980-கள் முதல் நடக்கின்றன. பல அமைப்புகள் நெடுங்காலமாக உறுப்பினர்களுக்கு உதவி வருகின்றன. ஆனால் அவை காப்பீடு அல்ல. கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டக் கடமை அவற்றுக்கு இல்லை. அவற்றுள் ஒன்றான ஷாரிட்டி மினிஸ்ட்ரீஸ் 2021 ஜூலையில் திவாலானபோது, உறுப்பினர்கள் செலுத்தப்படாத மருத்துவமனைக் கட்டணச் சீட்டுகளோடு நின்றார்கள். மேலும், அங்கே 65 வயதானவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு இருக்கிறது. அந்தப் பின்னணியை மறந்து அவர்களைப் பார்த்து நாம் பாலிசியைக் கைவிட முடியாது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, உரிமையாக வருவதை விடாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எதுவாயினும், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்தை ஒன்றிய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. இவை எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்குக் கிடைக்கும் என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆலைகளிலும் நிறுவனங்களிலும் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டவர்கள், குறைந்தது ஐந்து ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெற்றிருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதி பெறலாம். இதை அறியாமலேயே பலர் தத்தனேரி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையைக் கடந்துபோகிறார்கள்.

இரண்டாவது, தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் ஒரு வருட பிரீமியத்துக்குத் தயங்கி அதை விட்டுவிடாதீர்கள். மீண்டும் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரிடலாம். 65 வயதைக் கடந்தவருக்குப் புதிய பாலிசி கிடையாது என்ற பழைய வரம்பு 2024 ஏப்ரல் 1 முதல் இல்லை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டுமானால், நிறுவனம் முதலில் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்து பேசவேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்துள்ளது. பிரீமியம் அப்படியும் பாரமாக இருந்தால், பாலிசியை முறிப்பதற்கு முன் பிள்ளைகளிடமும் அன்பியத்திலும் மனம்விட்டுப் பேசுங்கள். ஒரு முதியவரின் பிரீமியத்தில் பாதியை அன்பியம் ஏற்பது, அவருடைய அறுவைச் சிகிச்சைக்கு ஊரெல்லாம் வசூலிப்பதைவிட எளிது.

மூன்றாவது, பொதுப் பையைத் தொடங்குங்கள். அதற்குரிய வேலை நிறைய இருக்கிறது. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆட்டோ, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, காப்பீட்டுப் பணம் வரும்வரை கட்டவேண்டிய முன்பணம் ஆகியவற்றுக்குப் பல நேரங்களில் எந்த அட்டையும் கை கொடுப்பதில்லை. வின்சென்ட் தே பவுல் சபையார் நம் பங்குகளில் நெடுங்காலமாகச் செய்துவரும் பணியும் இதுவே. ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு, யார் முடிவு செய்வது என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள். இருவர் கையெழுத்தோடு வங்கியில் கணக்கு வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவை வாசியுங்கள். கேட்கக் கூச்சப்படும் கைம்பெண்ணின் வீட்டுக்கு நீங்களே போய்க் கேளுங்கள்.

நல்ல சமாரியரை நினைத்துப் பாருங்கள். அடிபட்டவரின் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டி, அவரைத் தம் விலங்கின் மீது ஏற்றினார். அதோடு நிற்கவில்லை. சாவடிக்குக் கொண்டுபோய், சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, கூடுதல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். தம் கையால் செய்ய முடிந்ததைத் தாமே செய்தார். நாள்கணக்கில் நடக்க வேண்டிய பராமரிப்புக்குச் சாவடியில் முறையான ஏற்பாடு செய்தார். இரண்டையும் சேர்த்துத்தான் இயேசு நமக்கு முன்மாதிரியாகக் காட்டினார்.

நம் முதியோரைத் தாங்கும் மனதையும், அவர்களுக்காகத் திட்டமிடும் அறிவையும் இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.