ஊர்ப் பெயர் இல்லாத அணி

2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை மாலை. கொலீசியம் ரயில் நிலையத்திலிருந்து ஓக்லண்ட் பேஸ்பால் மைதானத்துக்குப் போகும் நடைபாலத்தில் கூட்டம் நகரவே இல்லை. என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. "அப்பா, தப்பான நாள்ல வந்துட்டோமா?" என்று கேட்டாள். அந்தப் பாலத்தில் இவ்வளவு பேரை அவள் பார்த்ததே இல்லை.

அவள் கேட்டதில் தப்பில்லை. ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ், ரசிகர்களுக்குச் சுருக்கமாக ஏஸ், அந்த ஜூன் முதல் வாரத்தில் 62 ஆட்டங்கள் ஆடி 12-இல்தான் வென்றிருந்தது. நவீன பேஸ்பாலின் மிக மோசமான அணி இதுதானா என்று கணக்குப் பிள்ளைகள் பழைய ஏடுகளைப் புரட்டத் தொடங்கியிருந்தார்கள். மே மாதத்தில் ஓர் இரவு இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள். ஐம்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய கான்கிரீட் கிண்ணத்தில் இரண்டாயிரம் பேர் என்றால், ஆட்டக்காரர் தமக்குத்தாமே முனகுவதுகூடக் கேட்கும்.

இன்று வந்தவர்கள் ஆட்டத்துக்காக வரவில்லை. அணியை லாஸ் வேகஸுக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று உரிமையாளர் ஏப்ரலில் அறிவித்திருந்தார். கூட்டம் வராததுதான் காரணம் என்பது அவர் தரப்பு. நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் விற்றுவிட்டு, டிக்கெட் விலையை ஏற்றிவிட்டு, கூட்டம் வரவில்லை என்றால் எப்படி என்பது ரசிகர் தரப்பு. புறக்கணிப்பு என்றால் போகாமல் இருப்பது. ஏற்கெனவே யாரும் போகாத இடத்தை எப்படிப் புறக்கணிப்பது? ஒரே நாளில் எல்லோரும் போய் நிற்போம் என்று ரசிகர்களே முடிவெடுத்தார்கள். தலைகீழ்ப் புறக்கணிப்பு என்று அதற்குப் பெயர். வாகன நிறுத்தத்தில் பச்சைச் சட்டைகளை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சில் ஒரே ஒரு சொல்: விற்றுவிடு.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் நடக்கும் விளையாட்டு. ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். உலகக் கோப்பையில் தோற்றால் நான்கு வருடம் வலிக்கும். பேஸ்பாலில் தோற்றால் மறுநாள் மாலை மறுபடி தோற்கலாம். சீசனின் நடுப்பகுதியில், ஜூனிலும் ஜூலையிலும், தோற்கும் அணியின் ரசிகன் படும் பாடு தனி. முடிந்துவிட்டது என்று கைகழுவ முடியாது, இன்னும் நூறு ஆட்டம் இருக்கிறதே. நம்பவும் முடியாது, அட்டவணை கண்முன்னே இருக்கிறதே.

நான் 2004-இல் முதுகலைப் படிப்புக்கு இங்கே வந்தேன். புதன்கிழமைகளில் ஏஸ் ஆட்டத்துக்கு இரண்டு டாலர் டிக்கெட் உண்டு. கிரிக்கெட்டுக்கு ஏங்கிய கண்ணுக்கு, மட்டையும் பந்தும் எங்கேயோ தெரிந்தால் போதும் என்றிருந்தது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சான் பிரான்சிஸ்கோவில் கடலோரத்தில் அழகான மைதானம், பணக்கார அணி. எங்களுக்கு இந்தப் பக்கம்தான் கட்டுப்படியானது. சிக்கனம் காரணமாகத் தொடங்கிய பந்தம் இருபது வருடம் நிலைத்துவிட்டது. கல்யாணங்கள்கூடச் சில அப்படித்தானே.

பிறகுதான் தெரிந்தது, நான் தேர்ந்தெடுத்தது ஒரு நாடோடியை என்று. ஏஸ் பிறந்தது 1901-இல், பிலடெல்பியாவில். பக்கத்து நியூயார்க் அணியின் நிர்வாகி ஜான் மெக்ரா அதை வெள்ளை யானை என்று கேலி செய்தார். கட்டித் தீனிபோட முடியாத பொருள் என்று அர்த்தம். ஏஸின் கோனி மேக் கோபப்படவில்லை, யானையையே சின்னமாக்கிக்கொண்டார். இன்றும் சட்டைக் கையில் அந்த யானை இருக்கிறது. மேக் ஐம்பது சீசன்கள் அந்த அணியை நடத்தினார். 1910, 1911, 1913 ஆண்டுகளில் வாகை சூடினார்கள்.

1914-இல் இறுதிப் போட்டியில் எதிரே வந்து நின்றது பாஸ்டன் பிரேவ்ஸ். ஜூலை 4 அன்று அட்டவணையில் கடைசி இடம், முதலிடத்துக்கு 15 ஆட்டம் பின்னால். அங்கிருந்து எழுந்து வந்து ஏஸை நான்குக்குப் பூஜ்யம் என்று அடித்தார்கள். பாதி சீசனில் துவண்டு கிடக்கும் எந்த அணியின் ரசிகனும் இன்றுவரை சொல்லிக்கொள்ளும் ஆறுதல் கதை அதுதான். எங்களுக்கு அதிலும் ஒரு வில்லங்கம்: அந்த அற்புதத்தில் அடிவாங்கியவர்கள் நாங்கள். போட்டிச் சங்கம் ஒன்று சம்பளங்களை ஏற்றிவிட்டிருந்த காலம். மேக் தன் நட்சத்திரங்களை விற்றார், மற்றவர்கள் தாமே போனார்கள். 1916-இல் ஏஸ் 36 ஆட்டம் வென்று 117 ஆட்டம் தோற்றது. விற்றுத் தீர்த்துவிட்டுத் தோற்பது ஓக்லண்டில் கண்டுபிடித்த வித்தை இல்லை.

1929, 1930-இல் மீண்டும் வாகை, பெருமந்தத்தில் மீண்டும் விற்பனை. 1954-இல் கடன் முற்றி அணி கன்சாஸ் சிட்டிக்குக் கைமாறியது. பிலடெல்பியா மைதானம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தேவாலயம் இருக்கிறது. கன்சாஸ் சிட்டியில் 13 சீசன். ஒன்றில்கூட வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவில்லை. தேறிய ஆட்டக்காரர்கள் நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார்கள். 1961-இல் 61 ஹோம் ரன் அடித்துச் சாதனை படைத்த ரோஜர் மாரிஸ் அப்படிப் போனவர்தான். உரிமையாளர் சார்லி ஃபின்லி மைதானத்தில் கோவேறு கழுதையை வளர்த்தார், சீருடைக்குப் பச்சையும் தங்கமும் பூசினார், கடைசியில் 1968-இல் மூட்டை கட்டி ஓக்லண்டுக்கு வந்தார். ஹிரோஷிமாவுக்குப் பிறகு இவ்வளவு அதிர்ஷ்டம் செய்த நகரம் ஓக்லண்ட்தான் என்று மிசௌரி மாநில செனட்டர் ஒருவர் பொருமினார். கொடூரமான நகைச்சுவைதான், ஆனால் கைவிடப்பட்டவர்களின் கோபம் எப்படி இருக்கும் என்பதற்கு அது சாட்சி. நாங்கள் அழுவதைப் பார்த்துக் கன்சாஸ் சிட்டி முதியவர்கள் சிரித்திருந்தால் அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

ஓக்லண்டில் அணிக்கு நல்ல காலம். 1972, 73, 74 தொடர்ந்து மூன்று வாகைகள். அதே ஃபின்லி அணியைச் சிதறவிட்டபின் 1979 ஏப்ரலில் ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 653 பேர். அடுத்த வருடமே அணியை உள்ளூர்க் குடும்பமான ஹாஸ் குடும்பம் வாங்கியது. 1990-இல் ஒரே சீசனில் 29 லட்சம் பேர் அதே மைதானத்துக்கு வந்தார்கள். ஓக்லண்டில் பேஸ்பாலுக்கு ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஏஸ் என்றால் 2002-தான். மே இருபதுகளில் தோல்விகள் வெற்றிகளைவிட அதிகம். யாங்கீஸின் சம்பளப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கையில் காசு. பில்லி பீன் என்ற மேலாளர், மற்றவர்கள் மதிக்காத எண்களைப் பார்த்து, மற்றவர்கள் கழித்துக்கட்டிய ஆட்டக்காரர்களை எடுத்தார். அந்த ஆகஸ்டில் தொடங்கிய தொடர் வெற்றி இருபதில் போய் நின்றது. இருபதாவது வெற்றி கன்சாஸ் சிட்டியின் புதிய அணிக்கு எதிராக. சீசன் முடிவில் இரண்டு அணிகளுக்கும் 103 வெற்றிகள், யாங்கீஸுக்கும் எங்களுக்கும். அதைப் பற்றிப் புத்தகமும் படமும் வந்தபின், தரவு அறிவியல் என்று பேசும் எல்லாக் கூட்டங்களிலும் ஏஸ் ஓர் உதாரணமானது. நானும் வாடிக்கையாளர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று: இல்லாமையைச் சமாளிக்கும் திறமை நிரூபணமான இடத்தில், செலவழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

என் சொந்தக் கணக்கில் அதைவிடப் பெரிது 2012. ஜூன் 30 அன்று டெக்சஸ் அணிக்கு 13 ஆட்டம் பின்னால் இருந்தோம். அந்த வருடம்தான் மகள் பிறந்தாள். இரவு இரண்டு மணிக்குப் பால் புட்டியோடு உட்கார்ந்து முடிந்த ஆட்டங்களைத் திரும்பப் பார்ப்பேன். ஜூலையில் அணி திடீரென்று தோற்பதை நிறுத்திக்கொண்டது. அக்டோபர் 3, சீசனின் 162-ஆவது ஆட்டம், எதிரே அதே டெக்சஸ். நான்கு ரன் பின்தங்கியிருந்து 12-5 என்று வென்றார்கள். சீசன் முழுவதிலும் ஏஸ் தனியாக முதலிடத்தில் இருந்தது அந்த ஒரே நாள்தான். அந்த நாளுக்குத்தான் கோப்பை. அடுத்த சுற்றில் தோற்றது வேறு விஷயம்.

இதற்குள் மைதானம் சீரழிந்துகொண்டிருந்தது. 2013-இல் கழிவுநீர் பொங்கி ஆட்டக்காரர்களின் அறைக்குள் வந்தது. அணி சான் ஹோசேக்குப் போக முயன்றபோது, அது சான் பிரான்சிஸ்கோ அணியின் எல்லை என்று தடுத்தார்கள். சான் ஹோசே நகரமே வழக்குப் போட்டுத் தோற்றது. காரணம், 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு: பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் அல்ல, ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது. நூறு வருடமாக அந்தத் தீர்ப்பு உயிரோடு இருக்கிறது. அணி எங்கே போகலாம் என்பதை 30 உரிமையாளர்கள் கூடி வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். நகரத்துக்கு அதில் வாக்கு கிடையாது. கூடைப்பந்து அணி 2019-இல் பாலம் தாண்டிப் போயிற்று, கால்பந்து அணி 2020-இல் லாஸ் வேகஸுக்குப் போயிற்று. மிச்சம் இருந்தது யானை மட்டும்.

அந்த ஜூன் இரவுக்கு வருகிறேன். வினோதம் என்னவென்றால், எதிர்ப்புக்கு நாள் குறித்தபின் அணி ஜெயிக்கத் தொடங்கிவிட்டது. வரிசையாக ஆறு வெற்றி. எதிரே தாம்பா பே, அப்போது எல்லா அணிகளிலும் முதலிடம். ஐந்தாவது இன்னிங்ஸின் முதல் ஆட்டக்காரர் மட்டையோடு வந்தபோது மைதானம் முழுக்க எழுந்து மௌனமாக நின்றது. டிரம் நின்றது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஆடி முடித்ததும் 27,759 பேரும் ஒரே குரலில் உரிமையாளரைப் பார்த்து விற்கச் சொன்னார்கள். 2-1 என்று வென்றோம். ஏழாவது வெற்றி. ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்கள்: 19 வெற்றி, 50 தோல்வி, இன்னும் 93 ஆட்டம் இருக்கிறது. 2012-ஐ யாரோ ஞாபகப்படுத்தினார்கள். பைத்தியக்காரத்தனம்தான். நானும் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

மறுநாள் தோல்வி திரும்பி வந்தது. ஜூன் 15 அன்று நெவாடா ஆளுநர் புதிய மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜூன் 28 அன்று யாங்கீஸின் டொமிங்கோ ஹெர்மான் எங்கள் மைதானத்தில் எங்களுக்கு எதிராக முழுநிறை ஆட்டம் எறிந்தார். 27 பேர் வந்து 27 பேரும் ஆட்டமிழப்பது. ஒருவர்கூடத் தளத்தை எட்டக்கூடாது. பேஸ்பால் வரலாற்றில் அதுவரை 23 முறைதான் நடந்திருந்தது. அதில் இரண்டு இதே மைதானத்தில், ஏஸ் எறிந்தவை. ஒன்று ஓக்லண்டின் முதல் சீசனில், 1968-இல், கேட்ஃபிஷ் ஹண்டர். இன்னொன்று 2010 அன்னையர் தினத்தில், பள்ளி நாளிலேயே தாயை இழந்த டாலஸ் பிரேடன். முடிந்ததும் வளர்த்த பாட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவதும் எங்கள் கண்முன்னேதான். கை தட்டினேன், வேறென்ன செய்ய. சீசன் 50-112 என்று முடிந்தது. நவம்பரில் 30 உரிமையாளர்களும் ஒருமனதாக வாக்களித்தார்கள்.

2024 செப்டம்பர் 26, கடைசி ஆட்டம். 46,889 பேர். டெக்சஸை 3-2 என்று வென்றார்கள். பக்கத்து இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க கறுப்பினப் பெரியவர், ஒரு பிளாஸ்டிக் பையில் மண் சேகரித்துத் தரச் சொல்லி மைதான ஊழியரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நான் ஊரை விட்டு வந்தவன். வரும்போது சம்பளமும் வாய்ப்பும்தான் காரணம். என் அப்பா திருச்சியில் வாசற்படியில் நின்றுகொண்டிருந்ததை நான் காரின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அவ்வளவுதான். போகிறவனுக்கு ஆயிரம் நியாயம் இருக்கும். நின்றுகொண்டிருப்பவனின் பக்கத்தில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. உரிமையாளரின் லாபக் கணக்கும் என் கணக்கும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். பேஸ்பால் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இப்போது அணி சாக்ரமெண்டோ பக்கத்தில், பதினான்காயிரம் பேர் கொள்ளும் சிறுசங்க மைதானம் ஒன்றில் குடியிருக்கிறது. வேகஸ் மைதானம் 2028-இல் தயாராகும் என்கிறார்கள். அதுவரை பெயருக்கு முன்னால் எந்த ஊரும் கிடையாது, வெறும் அத்லெட்டிக்ஸ். ஓக்லண்டில் ரசிகர்களும் சிறுசிறு பங்குகளாகப் பணம் போட்ட பாலர்ஸ் என்ற சிற்றணி ரைமாண்டி பூங்காவில் ஆடுகிறது. நாங்கள் இப்போது அங்கேதான் போகிறோம். ஏஸ் ஆட்டங்களைப் பார்ப்பதில்லை என்று வீட்டில் ஒப்பந்தம்.

2025 மே நடுவில் தொடங்கி அவர்கள் 21 ஆட்டங்களில் 20-ஐத் தோற்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. எத்தனை தோல்வி என்று எனக்கு எப்படித் தெரியும்? பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஜூலை 25 இரவு நிக் குர்ட்ஸ் என்ற 22 வயதுப் பையன், அதுதான் அவனுக்கு முதல் சீசன், ஹூஸ்டனில் ஆறுமுறை மட்டை பிடித்து ஆறும் அடித்தான். அதில் நான்கு ஹோம் ரன். முதல் சீசனில் ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்தவர் அதற்கு முன் யாரும் இல்லை. நான் படுக்கையில் போர்வைக்குள் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து மகளின் குறுஞ்செய்தி வந்தது.

"அப்பா. நாலு. பார்த்தீங்களா?"

ஒப்பந்தத்தை மீறியது யார் முதலில் என்பதை நாங்கள் இன்னும் பேசித் தீர்க்கவில்லை.